முதுகில் ஒரு தையல்

பட்டு உறை மேலே எழும்பிப் போகாமல் நின்றுவிட்டது. கப்பியில் ஓடிய கயிற்றை மறுபடி இழுத்தார்கள். விளிம்பு சிலையின் முழங்கைக்கு அடியில் மறுபடி மாட்டிக்கொண்டது.

வீரேந்திரனின் செல்போனில் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டு அருணா வாசலில் நின்றாள். உள்ளே அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாயந்திரம் திறப்பு விழா. முழங்கைய செதுக்கிடலாம்ன்றாரு இன்ஜினியரு," என்றார் விழாக்குழுத் தலைவரான வீரேந்திரன். திண்டிவனத்தில் வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கிய மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். "இந்த நேரத்துல வந்து பேஜாரு பண்றேன்மா."

"அந்தக் கைதாங்க சிலையே."

சிலையில் இருப்பவர் இசையமைப்பாளர் அப்பாதுரை. மெட்டுக் கட்டும்போது இடது கையைக் காதோரம் குவித்துக்கொள்வார். அப்பா இளவயதில் கிளியனூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், நாடகக் கொட்டகைக்கு வெளியே நின்று அதைப் பார்த்தவர். இந்தச் சிலையைச் செய்தபோது சிமெண்டில் அந்தக் கையை மட்டும் பலமுறை உடைத்துக் கட்டினார். உள்ளே கம்பி எங்கே வளைந்தால் முழங்கை தொங்காது என்று தன் கையையே மடக்கிக் காட்டுவார்.

"அருணா, இங்க வா!" பாஞ்சாலி அத்தையின் குரல்.

விழாவுக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை. போட முடியவில்லை. இடது கையைத் தலைக்கு வைத்துத் தூங்கியவர் அப்படியே போயிருந்தார். கை மடங்கியபடி விறைத்திருந்தது.

"எந்தம்பி இப்பவும் மொரண்டு புடிக்கிறான் பாரு," அத்தை மூக்கை உறிஞ்சினாள். "முதுகுல கிழிச்சுடுடி. முன்னாலருந்து மாட்டிடலாம்."

"புதுச் சட்டை அத்தை."

"அவன் திரும்பியா பாக்கப் போறான்?"

அருணா காலரிலிருந்து கீழ்வரை வெட்டினாள். மடங்கிய முழங்கையைத் தாண்டிச் சட்டை சுலபமாக ஏறியது. தோளைச் சரிசெய்ய லேசாகத் தொட்டாள். சட்டை முன்பக்கமாக வழுக்கி இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு சட்டையை மறுபடி ஏற்றி, முதுகுக்கு அடியில் செருகிவிட்டு எழுந்தாள்.

"செதுக்க வேணாங்க," என்றாள் வாசலுக்கு வந்து. "உறைய முதுகுல மேலருந்து கீழ வரைக்கும் கிழிச்சுடுங்க. உங்க மண்டியில மூட்ட தைக்கிற கை மெஷினு இருக்குதில்ல, அதுல தச்சுடுங்க."

"பின்னால நூல உருவினா..." வீரேந்திரன் நிமிர்ந்தார்.

"கயித்த அந்த நூல்ல கட்டிடுங்க."

அப்பாவை எடுத்துப்போனார்கள். வீட்டைக் கழுவிவிட்ட ஈரம் காயுமுன் திறப்பு விழா வீடியோ வந்தது. மூட்டைத் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்த வரிசையும் பிரிந்துவிடும். பிரிந்தது. முதுகு திறந்த உறை தன் கனத்திலேயே முன்பக்கமாகச் சரிந்து, முழங்கையில் மாட்டாமல் கீழே விழுந்தது.