அடுத்த பஸ்

அந்தச் சனிக்கிழமையும் சலூனில் நல்ல கூட்டம். சலூன்காரரின் மகன் தரையில் கிடந்த முடியைக் கூட்டி அள்ளிவிட்டு, துடைப்பத்தை மூலையில் தலைகீழாக நிறுத்தினான். அப்படி வைத்தால் நுனி வளையாது என்பது அவனுடைய கண்டுபிடிப்பு.

"பாருங்க, துடைப்பத்துக்கே சிரசாசனம் சொல்லிக் குடுக்கிறான்" என்றார் சலூன்காரர். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரரின் உச்சந்தலையைச் சீப்பால் துழாவிக்கொண்டே, "உங்களுக்கு வெட்டுற நேரத்தைவிட, தேடுற நேரம்தாண்ணே அதிகம்" என்றார்.

கடை சிரித்தது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு மகன் சிரித்தான்.

"வந்துட்டான்யா அடுத்த பஸ்!" என்றார் சலூன்காரர்.

கடை மறுபடியும் சிரித்தது. கொஞ்சம் பொறுத்து மகனும் சிரித்தான்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. பதினைந்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே திறந்து தைத்த இதயம், தூக்கத்தில் நின்றுவிட்டது.

கடையை மறுபடி திறந்த பிறகு சலூன்காரர் வாய் திறப்பதில்லை. வந்தவர்களும் தலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். மகனோடு படித்த நெட்டையன் ஒருநாள் முடிவெட்ட வந்தான். பெஞ்சில் தபால்காரர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். துணியைப் போர்த்திக் கழுத்தில் செருகும்போது, பழைய வாய் சும்மா இருக்கவில்லை.

"உனக்கு வெட்டணும்னா ஏணி போட்டுத்தாண்டா ஏறணும்."

தபால்காரர் சிரித்தார். நெட்டையனும் சிரித்தான். அவன் கை துணிக்கு வெளியே வந்து, பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் இரண்டு தடவை தட்டியது. சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"என்னடா அது?"

"பழக்கம் அங்கிள். யாராவது ஜோக் அடிச்சா உங்க பையன் முழங்கையில ரெண்டு தட்டுத் தட்டுவோம். அவன்தான் கேட்டான். எனக்குச் சில விஷயம் லேட்டாத்தான் பிடிபடும்னு டாக்டர் சொல்லிட்டார், பெரியவனானா சரியாயிடும், அதுவரைக்கும் எது ஜோக்குன்னு நீங்க சொல்லுங்கடான்னான். இங்க தட்டக் கூடாது. மறந்துட்டேன்."

டாக்டர் சொன்னபோது சலூன்காரரும் அந்த அறையில்தான் இருந்தார். பிறவியிலேயே இதயத்தில் குறை உள்ள பிள்ளைகள் சிலருக்கு மூளை வளர்ச்சியில் ஒன்றிரண்டு விஷயம் மெதுவாக வரும், அடுத்தவர் முகத்தைப் படிப்பது, கேலியைப் புரிந்துகொள்வது மாதிரி. அதற்குப் புத்தி குறைவு என்று அர்த்தமில்லை, பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள் என்றார் டாக்டர். "அப்ப நம்மாளு அடுத்த பஸ்லதான் வருவான்னு சொல்லுங்க!" என்றார் இவர். டாக்டர் சிரிக்கவில்லை. சாயங்காலம் இவர் அதையே கடையில் சொன்னார். கடை சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

டாக்டரின் அதே பேச்சைக் கேட்டுவிட்டு மகன் பள்ளிக்கூடத்தில் போய் உதவி கேட்டிருக்கிறான்.

"இங்க ஏண்டா தட்டக் கூடாது?"

நெட்டையன் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"நிமிரு, வெட்டு கோணலாயிடும். சொல்லு."

"விடுங்க அங்கிள்."

"சொல்லுடா."

"கடையில முக்கால்வாசி ஜோக் என்னைப் பத்திதான், அது எனக்கு உடனே புரிஞ்சிடும்னான்."

"புரிஞ்சா அப்புறம் ஏன் லேட்டா சிரிச்சான்?"

"நானும் கேட்டேன். சிரிக்கத்தாண்டா நேரமாகுதுன்னான்."

தபால்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். சலூன்காரருக்குக் காது மடல் சுட்டது. முகத்தை எங்காவது திருப்பிக்கொள்ளலாம் என்றால், முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. சிரித்துச் சிரித்தே பழகிய வாய் இரண்டிலும் தெரிந்தது.

பாதி வெட்டிய தலையை விட்டுவிட்டுப் போக முடியாது. மீதியையும் வெட்டினார். கழுத்தைப் பிரஷ்ஷால் தட்டி, துணியை உதறினார். நெட்டையன் இறங்கி, கூட்டுவதற்காக மூலைப் பக்கம் போனான்.

"வேணாம்பா. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அவன் போன பிறகு அவரே கூட்டினார். தபால்காரர் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். துடைப்பத்தை மூலையில் தலைகீழாக நிறுத்தினார் சலூன்காரர். அதன் நுனி இன்னும் வளையவில்லை.