உங்களுக்குப் பிள்ளை இருக்கா, டீச்சர்?

அந்தக் கூட்டத்துக்கு அவன் போவதாகவே இல்லை. பள்ளிக்கூட விஷயமெல்லாம் மனைவியின் பாடு. அன்றைக்கு அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆள் குறைவு, விடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பாதி பதித்த குளியலறையை அப்படியே போட்டுவிட்டு, விரல் இடுக்கில் காய்ந்த சிமெண்டோடு இவன் போனான்.

டைல்ஸ் பதிக்கிற தொழில். கூட வேலை செய்கிறவர்கள் அவனை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று மற்றவர்கள் ரசமட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். இவன் ஒற்றைக் கண்ணை மூடினாலே போதும், எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். "இவன் பாயை விரிச்சாக்கூட நூல் பிடிச்சுப் பாத்துட்டுத்தான்டா படுப்பான்" என்று சிரிப்பார்கள். அவனுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

பள்ளிக்கூடம் மூடி வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நோய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, திறக்கலாமா வேண்டாமா, பெற்றோர் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாற்காலி. தலைமையாசிரியர் மாஸ்க்குக்குள்ளிருந்து மைக்கில் பேசியது பாதி காற்றோடு போய்விட்டது. கைகழுவக் குழாய் போட்டிருக்கிறோம், ஜன்னலையெல்லாம் திறந்து வைப்போம் என்பது வரைக்கும் கேட்டது.

பள்ளி வேன் ஓட்டுகிறவர் எழுந்தார். "ஐயா, என் வண்டில பன்னெண்டு பிள்ளைங்க ஏறும். இடைவெளி விட்டா நாலுதான் உக்காரும். மிச்சத்தை மேல கயிறு போட்டுக் கட்டிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "என் பையன் மாஸ்க்கெல்லாம் போடுவான் சார். பக்கத்துப் பையன் மாஸ்க்ல புலி படம் இருந்தா அதை வாங்கிப் போட்டுப்பான். பென்சிலையே மாத்தி மாத்திக் கடிக்கிறவன்."

அப்போதுதான் சின்ன வகுப்பு டீச்சர் எழுந்தாள். ஒல்லியான உருவம், ஒல்லியான குரல். மைக்கை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"சின்னப் பிள்ளைங்களை முதல்ல அனுப்புங்க. பெரியவங்க எப்படியாவது பிடிச்சுப்பாங்க. இதுங்களுக்கு எழுத்து இப்பதான் ஒட்ட ஆரம்பிச்சது. விட்டா உதிர்ந்துடும். வகுப்புக்குள்ளகூட வேணாம், இந்த மரத்தடியிலயே உக்கார வெக்கறேன். அஞ்சு அஞ்சு பேரா, ஒரு மணி நேரம் போதும். தைரியமா அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

மற்றதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்தக் கடைசி வார்த்தைதான் அவனைச் சுட்டது. போன வருஷம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த தம்பியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது, உடம்பெல்லாம் மூடிய ஒருவர் இதையேதான் சொன்னார். நாங்க பாத்துக்கறோம், நீங்க வீட்டுக்குப் போங்க. போனான். தம்பியை மூட்டையாகச் சுற்றித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

தான் எழுந்து நிற்பது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. யாரோ கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"என்னத்தைப் பாத்துப்பீங்க? ஸ்கூல் திறக்கப் போறாங்கன்னு காதுல விழுந்ததுலேருந்து என் சின்னவ காலையில வயித்து வலின்னு அழுறா. ராத்திரி எழுந்து உக்காந்துக்கறா. பயம். அந்த ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுது, இங்க யாருக்கும் தெரியல. ஒண்ணு ஆச்சுன்னா எங்களுக்குத்தானே போகும்? உங்களுக்குப் பிள்ளை இருக்கா, டீச்சர்?"

டீச்சர் அவனையே பார்த்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் கைதட்டல். தட்டியவர்களின் சத்தத்துக்கு நடுவே பின்னாலிருந்து ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், "பாவம், கல்யாணம் ஆகி எவ்வளவு வருஷம். பாக்காத டாக்டர் இல்ல" என்று சொன்னதும் அவன் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டான். வேன்காரர் அவன் தோளைத் தொட வந்து, இடைவெளி நினைவு வந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

பெரிய வகுப்புகளைத் திறப்பது, சின்ன வகுப்புகளுக்கு இப்போதைக்கு போனிலேயே பாடம் என்று முடிவானது. தெருவில் பார்த்தவர்களெல்லாம், "நறுக்குன்னு கேட்டீங்க" என்றார்கள். அவனும் ஒரு வாரம் நிமிர்ந்துதான் நடந்தான். சின்னவளுக்கு வயிற்று வலி மாயமாய்ப் போய்விட்டது.

"பாத்தியா, பிள்ளை நிம்மதியாயிட்டா" என்றான் மனைவியிடம்.

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அவ பயந்தது நோய்க்கா, ஸ்கூலுக்கான்னு கேட்டீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"உங்களுக்கு ஒண்ணு" என்றாள் அவள்.

வீட்டில் பாடம் வருகிற போன் ஒன்றுதான், அது பகலெல்லாம் அவன் சட்டைப் பையில் இருக்கும். சாயங்காலம் அவன் வந்ததும் இரண்டு பெண்களும் அதை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருவார்கள். பெரியவள் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்து, எழுதின தாளைப் படம் பிடித்து டீச்சருக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு முன்னால் அவனிடம் ஒருமுறை காட்ட வேண்டும், அது வீட்டுச் சட்டம். அவன் தாளைத் தூரமாகப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பான். வரி எங்கேயும் இறங்காது. எழுத்தெல்லாம் ஒரே அளவு.

"அடி சக்கை, நூல் பிடிச்ச மாதிரி இருக்குடி" என்று சின்னவள் தலையில் தட்டுவான். அவள் குனிந்துகொள்வாள். பெருமை பொறுக்காமல் குனிகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

நடுவில் பாடம் வேறொரு நம்பரிலிருந்து வர ஆரம்பித்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நோய் அவனையே பிடித்தது. எவ்வளவு கட்டிக் காத்தும், வேலை செய்கிற இடத்திலிருந்து அவன்தான் அதை வீட்டுக்குள் கொண்டு வந்தான். நல்லவேளையாக மற்றவர்களைத் தொடவில்லை, சோதித்துப் பார்த்து வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். உள் அறையில் அவன், கதவுக்கு வெளியே குடும்பம். மனைவி வேலைக்குப் போகும்போது தகர டப்பா ஒன்றில் மாத்திரைகளைப் போட்டு, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். பெரியவள் பள்ளிக்கூடத்தில். வெளியே சின்னவள் மட்டும்.

மத்தியானம் உடம்பு கொதித்தது. "கண்ணு, காய்ச்சல்னு எழுதியிருக்கற அட்டையை மட்டும் எடுத்துக் கதவுகிட்ட வெச்சுட்டு தள்ளிப் போயிடு" என்றான்.

டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தால், வாசலில் டப்பாவே இருந்தது.

"ஏண்டி, மருந்துக் கடையையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"நீயே எடுத்துக்கோப்பா" என்றாள் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து.

"அப்பாவுக்குக் கண்ணு எரியுது. எழுத்தெல்லாம் ஆடுது. நீ படிச்சு எடுத்துக் குடு. பெரிய வார்த்தை ஒண்ணும் இல்ல, கா-ல ஆரம்பிக்கும் பாரு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போனது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கேட்டது.

"கா எப்படிப்பா இருக்கும்?"

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். "க போட்டு, பக்கத்துல ஒரு கால் இருக்கும்டா."

"க எப்படி இருக்கும்?"

அவன் எழுந்து வந்து கதவை ஒட்டி, முதுகைச் சாய்த்து, வெறும் தரையில் உட்கார்ந்தான்.

"தினம் சாயங்காலம் எழுதுறியே, கண்ணு."

"அது அக்கா எழுதுறது. நான் படத்துக்குக் கலர் மட்டும் அடிப்பேன்."

"போன்ல டீச்சர் படிக்கச் சொல்லும்போது?"

"அக்கா காதுல சொல்லுவா. நான் சொல்லுவேன்."

"அப்ப ராத்திரி எழுந்து அழுதது?"

"ஸ்கூல் திறந்தா என்னை எழுந்து படிக்கச் சொல்லுவாங்கல்ல. எல்லாரும் சிரிப்பாங்க."

"நோய்க்குப் பயந்து இல்லையா?"

"அதுக்கும் கொஞ்சம்" என்றாள்.

டைல்ஸ் பதித்து முடித்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். அடியில் கலவை சேராமல் விட்டிருந்தால் மேலே பளபளவென்றுதான் இருக்கும், தட்டினால்தான் உள்ளே வெற்றிடம் என்று சத்தம் காட்டிக்கொடுக்கும். ஊரார் வீட்டுத் தரையையெல்லாம் தட்டிப் பார்த்தவன், தன் பிள்ளையை மட்டும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறான். கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. திறக்கக் கூடாது. அன்றைக்கு மாத்திரை போடாமலேயே கிடந்தான்.

சாயங்காலம் பெரியவளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் கேட்டபோது அவள் அழவில்லை, கோபப்பட்டாள். "நீங்கதான் நேரா இருக்கணும், நேரா இருக்கணும்பீங்க. அவ எழுதினா கோணலா வரும். ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? அவ ராத்திரி முழுக்க அழுதா. அதான் நான் எழுதினேன்."

ஞாபகம் இருந்தது. இரண்டு தடவையும் இருந்தது.

உடம்பு தேறியதும் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். தலைமையாசிரியர் அவனைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானே அன்னிக்குக் கைதட்டல் வாங்கினது? சின்ன வகுப்பும் அடுத்த மாசம் திறக்கறோம். வர்ற பிள்ளைக்கு எழுத்து தெரியுதான்னு பாத்துட்டுத்தான் எந்த வகுப்புன்னு சொல்லுவோம். தெரியலைன்னா கீழ் வகுப்புதான்."

"அந்த டீச்சர் இருந்தா பாப்பாவைக் கொஞ்சம்..."

"எந்த டீச்சர்? வகுப்பே இல்லைன்னதும் நிர்வாகம் நிறுத்திட்டாங்க, போன் பாடத்தை இப்ப வேற டீச்சர் பாத்துக்கறாங்க. கூரியர் கிடங்குல இருக்கறதா கேள்வி."

கிடங்கின் தகரக் கதவுக்கு வெளியே, இடைவேளை விடும் வரைக்கும் நின்றான். கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். உள்ளே பெல்ட்டில் பார்சல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாள் முழுக்க விலாசம் படித்துப் பிரித்துப் போடுகிற வேலை. அவனைப் பார்த்து நின்றாள்.

"டீச்சர், அன்னிக்கு நான் கேட்டது... ஒரு வேகத்துல..."

"விடுங்க அண்ணே. அதைக் கேட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. மைக்ல கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

மன்னிப்பு என்ற வார்த்தையை வரும் வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டுதான் வந்தான், அது இப்போது வெளியே வரவில்லை. தம்பியைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தான். அதையும் சாக்காக நீட்ட வெட்கமாக இருந்தது. சின்னவளுக்கு எழுத்தெல்லாம் போய்விட்டது என்பதை மட்டும் சொன்னான். சாயங்காலம் ஒரு மணி நேரம் வர முடியுமா, எங்கே சொன்னாலும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றான்.

அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "நின்னு நின்னு சாயங்காலம் செருப்புக்குள்ள கால் போக மாட்டேங்குது. வீட்டுக்குப் போய் விழத்தான் தெம்பு இருக்கு. முன்னயே கேட்டிருந்தா மரத்தடியில செஞ்சிருப்பேன், கூலியே இல்லாம. இப்ப முடியல அண்ணே."

உள்ளே மணி அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டே நாலடி போனவள் திரும்பினாள்.

"இப்பவும் நாக்கைக் கடிச்சுக்கிட்டுத்தான் எழுதுறாளா?"

அவன் விழித்தான்.

"இடது பக்கமா கடிப்பா. கால் போடுற எழுத்து வந்தா இன்னும் அழுத்திக் கடிப்பா. ரத்தம் வந்துடப் போகுதுன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அவனுக்குத் தெரியவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. பெல்ட் ஓடத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தவன் கைகால் கழுவிவிட்டு, சின்னவளை அழைத்து, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்தான். பெரியவள் பக்கத்தில் வந்து உட்காரப் போனாள். "நீ உன் வேலையைப் பாரு" என்று அனுப்பினான்.

"கா எழுது கண்ணு. அன்னிக்குச் சொன்னேனே, க போட்டு ஒரு கால்." கரடுமுரடான தன் கையால் ஒரு கா எழுதிக் காட்டினான். அவன் எழுத்தும் ஒன்றும் நூல் பிடித்த மாதிரி இல்லை, அவளே அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்குக் கோணலா வரும்" என்றாள்.

"வரட்டும்."

"கிழிக்கக் கூடாது."

"கிழிக்க மாட்டேன்."

"நீ பாக்காத. பாத்தா எனக்கு வராது."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். முதுகுக்குப் பின்னால் பென்சில் தாளில் உராயத் தொடங்கியது. ஓடியது, நின்றது, அழிரப்பர் தேய்த்தது, மறுபடி ஓடியது. ஒரு எழுத்துக்கு இவ்வளவு நேரமா. ஒரே ஒரு தடவை கழுத்தைத் திருப்பினால் போதும், நாக்கைக் கடிக்கிறாளா, இடது பக்கமா என்று தெரிந்துவிடும்.

பென்சில் நின்றது.

"அப்பா, திரும்பிட்டியா?"

"இல்லடா."

"திரும்பாத. இப்பதான் கால் போடப் போறேன்."

"போடு" என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டே.