நாற்பது வீட்டு மத்தியானச் சோறு

பேராசிரியை பங்காரம்மாள் வீசிய கோப்பு மேசையில் சறுக்கிக்கொண்டே வந்து ரங்கநாயகியின் மடியில் விழுந்தது. அதற்குள் நாற்பது வீடுகள் இருந்தன. தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நாற்பது பெண்கள் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள், அவர்கள் உடம்பில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று மூன்று மாதம் அலைந்து திரிந்து எழுதிய ஆய்வு. அந்த அலைச்சலில் ரங்கநாயகி இரண்டு ஜோடிச் செருப்பைத் தேய்த்துத் தீர்த்திருந்தாள்.

“இந்தக் கணக்குப்படி உன் பொம்பளைங்க ஒவ்வொருத்தரும் நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு கலோரி சாப்பிடறாங்க. பருப்பு, கீரை, மேல நெய் வேற. எல்லாரும் குஸ்திக்குப் போகலாம்,” என்றார் பங்காரம்மாள். “ரத்தத்தைப் பார்த்தா ஹீமோகுளோபின் ஏழரை, எட்டு. பஸ் படி ஏறவே தெம்பு இருக்காது. சாப்பிட்டதெல்லாம் எங்கே போச்சு?”

“அதுதானுங்க மேடம் எனக்கும் தெரியலை.”

“எனக்குத் தெரியுது. மார்ச் ரெண்டாவது வாரத்தை எடு. ஆறு வீடு. ஆறு வீட்டுலயும் மத்தியானம் மோர் இல்லை. வெயில் கொளுத்தற மாசத்துல, வீட்டுக்கு வீடு மாடு கட்டியிருக்கற ஊருல, வரிசையா ஆறு பேர் மோரே தொடலையா? ஒரு வீட்டுக்குப் போயிட்டு மீதி அஞ்சையும் போத்தனூர்ல உன் வீட்டுல உக்காந்து எழுதியிருக்கே.”

ரங்கநாயகிக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. திட்டு வாங்குவது அவளுக்குப் புதிதல்ல. பங்காரம்மாளிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் யாரும் திட்டு வாங்காமல் பட்டம் வாங்கியதில்லை. ஆனால் பொய்க்காரி என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதிலும் அந்த ஆறு வீட்டுக்கும் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, தலைவலியோடு, வெயிலில் நடந்தே போயிருந்தாள். எரிச்சலில் அழுகை வரும்போல இருந்தது. இந்த அம்மாள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம். உருப்படியான காரணத்தோட வா. இல்லைன்னா இந்த ஆய்வு இதோட முடிஞ்சுது. கணக்கைக் கற்பனையா எழுதறவங்களுக்கு என்கிட்ட இடமில்லை.”

அன்றைக்குத் திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை ரங்கநாயகி கல்லூரிச் சமையற்கூடத்திலிருந்து தராசு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வட்ட முகமும் சிவப்பு முள்ளும் வைத்த பழைய தராசு. ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது. கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. இதுவரை ‘என்ன சாப்பிட்டீங்க’ என்று வாயால் கேட்டு எழுதியாகிவிட்டது, இனிமேல் வாயை நம்புவதில்லை, முள்ளைத்தான் நம்புவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அவளுடைய பட்டியலில் முதல் பெயர் சென்னியம்மாள். முப்பத்தைந்து வயது, ஓயாத பேச்சு, ரத்தம் ஏழரை. ஊரின் மற்றப் பெண்களைப் போல அவளும் விடியும்போதே சோறாக்கி வைத்துவிட்டுத் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விடுவாள். வெயில் ஏறியதும் திரும்பி வந்து எல்லோருக்கும் போடுவாள். ரங்கநாயகியை ஏற்றிவரும் பஸ்ஸும் அந்த நேரத்துக்குத்தான், பதினொன்றரைக்கு, ஊருக்குள் நுழையும்.

“வாங்க அம்மணி, வாங்க!” என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் சென்னியம்மாள். “ஏனுங்க, மறுக்காவும் எழுதோணுங்களா? அன்னைக்கு எழுதுனதத் தொலச்சுப்போட்டீங்களா?”

“எழுதறதுக்கில்லீங்க அக்கா. சோத்தை எடை போடோணும்.”

“பருத்தி எடை போட்டுப் பாத்திருக்கறேன், தக்காளி எடை போட்டுப் பாத்திருக்கறேன். சோத்தைப் போயி எடை போடுவாங்களா!” என்று சென்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தாலும், ஈரத்துணி எடுத்து வந்து தராசை முதலில் துடைத்து வைத்தவள் அவள்தான்.

சட்டியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பருக்கையும் முள்ளில் ஏற வேண்டும் என்பது பங்காரம்மாள் வகுப்பில் சொல்லும் விதி. சட்டியில் அரிசிம்பருப்புச் சோறு இருந்தது, காலையில் ஆக்கியது. சட்டியின் எடையைக் கழித்தால் சோறு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம். சென்னியம்மாளின் கணவர் திருமூர்த்தி வந்து உட்கார்ந்தார். தன் சாப்பாட்டுத் தட்டான வட்டல் தராசில் ஏறுவதைக் கல்யாணத்தில் மொய் எழுதுவதைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார். அறுநூற்று நாற்பது. பள்ளிக்கூட லீவில் இருந்த மகனுக்கு முந்நூற்று ஐம்பது, மகளுக்கு முந்நூற்று இருபது. மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு வெளியே போனார்கள்.

“அக்கா, இப்ப உங்க வட்டலைக் கொண்டாங்க.”

“மொதல்ல நீங்க உக்காருங்க.”

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கொங்குநாட்டு வீட்டில் மத்தியான நேரத்தில் வேண்டாம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? வந்த விருந்தாளி, அவர்கள் சொல்கிற ஒரம்பரை, பட்டினியாகப் போனால் அந்த வீட்டுக்கே குறை. வட்டல் வந்துவிட்டது. விதி விதிதானே என்று அதையும் எடை போட்டாள்: நானூற்று நாற்பது. மேலே ஒரு கரண்டி நெய் விழுந்தது. பஸ்ஸில் குலுங்கி வந்த வயிற்றுக்கு அந்த வாசனை போதாதா? உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தாள். கோபமாக இருக்கும்போது அவளுக்குப் பசி கூடுதலாகவே எடுக்கும்.

சென்னியம்மாள் மோர்ச் சட்டியோடு குனிந்தாள். “மோர் ஊத்துட்டுங்களா? அன்னைக்கு சளின்னு சொல்லி வேண்டாம்னுட்டீங்க. இப்ப தேவலைங்களா?”

ரங்கநாயகியின் கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது.

சளி. மார்ச் இரண்டாவது வாரம். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சளி. எந்த வீட்டிலும் அவள் மோர் குடிக்கவில்லை.

எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இடது கையால் பையிலிருந்து கோப்பை இழுத்தாள். சென்னியம்மாளின் பக்கம். ‘மதியம்: அரிசிம்பருப்புச் சோறு, பெரிய கிண்ணம் இரண்டு. நெய், ஒரு கரண்டி. மோர், இல்லை.’

“அக்கா, நீங்க நெய் ஊத்தித்தான் சாப்பிடுவீங்களா?”

“நானெங்கீங்க நெய் ஊத்தறேன்? அது ஒரம்பரைக்கு வெச்சதுங்க.”

“மோர் குடிப்பீங்களா?”

“மோரில்லாம எப்புடீங்க?”

“பின்னே நான் வந்து கேட்டப்ப நெய் சாப்பிட்டேன், மோர் இல்லைன்னு எழுதச் சொன்னீங்களே!”

சென்னியம்மாள் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கையிலிருந்த கரண்டியைத் துடைக்கத் தேவையில்லாமல் துடைத்தாள். “நீங்க ரெண்டு நாளு வந்தீங்க. மொத நாளு பேரு, வயசு எல்லாம் எழுதி, ரத்தம் எடுத்துட்டு, இங்கயே சாப்பிட்டுப்போட்டுப் போனீங்க. மக்யா நாளு வந்து, ‘நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க’ன்னு கேட்டீங்க. நேத்து மத்தியானம் என்ற சோத்தத்தான் உங்களுக்குப் போட்டேன். ‘உங்களுக்குப் போட்டுப்போட்டதால எனக்கு இல்லீங்க’ன்னு ஒரம்பரை மொகத்துக்கு நேரா சொல்ல முடியுங்களா? உங்களுக்கு வெச்சது அத்தனையும் அப்புடியே ஒப்பிச்சுப்போட்டேன்.”

ரங்கநாயகி சட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். சட்டியின் எடை போக, சிவப்பு முள் தொண்ணூறைக் காட்டியது. தொண்ணூறு கிராம், அதுவும் அடியில் பிடித்தது. சென்னியம்மாளின் மத்தியானச் சாப்பாடு அவ்வளவுதான்.

வரிசையாக எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பது வீட்டுக்கும் அதே பதினொன்றரை பஸ்ஸில்தான் வந்தாள். நாற்பது வீட்டிலும் சோறு காலையிலேயே அளந்து ஆக்கியாகியிருந்தது. நாற்பது வீட்டிலும் முதல் நாள் உட்கார்ந்து சாப்பிட்டாள், மறுநாள் போய் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கோப்பில் இருந்த நாற்பது மத்தியானச் சாப்பாட்டையும் சாப்பிட்டவள் வேறு யாருமில்லை, அவளேதான்!

குதிக்கவும் தோன்றியது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. முதலில் குதித்தாள். “கண்டுபிடிச்சுட்டேன்!” என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ராசாத்தாள் கையில் விளக்குமாறோடு ஓடிவந்தாள்.

“என்னாச்சு, ஆனை வந்துருச்சா?”

“ஆனை இல்ல ராசாத்தா, ஆராய்ச்சியாமா,” என்றாள் சென்னியம்மாள்.

“ராசாத்தக்கா, நான் உங்க ஊட்டுல சாப்பிட்டப்ப மோர் குடிச்சேனுங்களா?”

“இல்லீங்களே. சளின்னீங்க. சுக்குக் காப்பி வெச்சுக் குடுத்தேனே!”

ராசாத்தாளின் பக்கத்திலும் மோர் இல்லை. ரங்கநாயகி இரண்டு பேரையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எச்சில் கை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ராசாத்தாளின் சேலை முதுகில் நெய்யும் பருப்பும் அப்பியிருந்தன.

கூத்தாடி முடித்தபின் வெட்கம் வந்தது. மூன்று மாதமாக, டிபன் பாக்ஸ் கட்டும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். ரத்தம் ஏழரை என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டே, அந்த ரத்தமாக ஊற வேண்டிய சோற்றை இன்னொரு பக்கம் தின்றிருக்கிறாள்.

“நான் வந்தது ஒரு நாள்தானுங்களே அக்கா. மத்த நாளெல்லாம் நல்லாச் சாப்பிடுவீங்கதானே?” என்று கேட்டாள். கேட்கும்போதே ஒரு வார்த்தையாவது ஆறுதலாக வராதா என்றிருந்தது.

சென்னியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். “நேத்து தேங்கா போடறவரு வந்தாரு. முந்தாநேத்து என்ற நங்கையா, இவரோட அக்கா. அதுக்கு முந்தி ஆடு பாக்க வந்தவரு ரெண்டு பேரு. யாராச்சும் ஒருத்தரு வந்துட்டேதான இருப்பாங்க?”

“வந்தவங்களுக்கெல்லாம் யாரோட சோறுங்க?”

“இது என்ன கேள்வீங்க? வேலைக்குப் போற ஆம்பள சோத்தையா எடுப்பாங்க, புள்ளைங்க சோத்தையா எடுப்பாங்க?”

புதனும் வியாழனும் ரங்கநாயகி கால் தரையில் படாமல் ஓடினாள். ஆறு வீட்டிலும் அவளுடைய சளியை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் எந்தக் கைக்குட்டை வைத்திருந்தாள் என்பதுகூடத் தெரிந்திருந்தது. தராசு வந்த செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. என் வீட்டுச் சட்டியையும் பாருங்க, என் வீட்டுச் சட்டியையும் பாருங்க என்று பெண்கள் வழிமறித்தார்கள். யாராவது வந்து சாப்பிட்டுப் போன வீடுகளில் முள் நூறைத் தாண்டவே இல்லை. இத்தனை நாள் ஒருவரும் கேட்காத கணக்கை ஒரு சிவப்பு முள் கேட்டதில் அவர்களுக்கு ஒரே குஷி.

வெள்ளிக்கிழமை காலையில் பங்காரம்மாள் எல்லாவற்றையும் படித்து முடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அப்போ உன் ஆய்வுல இருக்கறது நாற்பது பேர் இல்லை. ஒரே ஆள்.”

“ஆமாங்க மேடம். நான்தான்.”

“நல்லாத்தான் சாப்பிட்டிருக்கே.” சிரிக்கிறாரா, திட்டுகிறாரா என்று ரங்கநாயகிக்குப் புரியவில்லை. “கேக்க நல்லா இருக்கு. நீ முதல்ல சொன்னதும் கேக்க நல்லாத்தான் இருந்துது. எத்தனை மணிக்குப் பஸ்?”

பதினொன்றரைக்கு இருவரும் தராசோடு சென்னியம்மாளின் வாசலில் நின்றார்கள். வருவதாகச் சொல்லி அனுப்பவில்லை. திருமூர்த்தியும் குழந்தைகளும் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். சென்னியம்மாள் பரபரவென்று பங்காரம்மாளுக்குப் பாய் விரித்தாள், சட்டியைச் சுரண்டிப் போட்டு வட்டலை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை அத்தனை பேசியவள், நெய்க் கரண்டியைக்கூட எடுத்துவிட்டாள். தெரிந்துவிட்டால் மட்டும் பழக்கம் விட்டுவிடுமா?

ரங்கநாயகி குறுக்கே கையை நீட்டினாள். வட்டலை வாங்கித் தராசில் வைத்தாள்: நானூற்று முப்பது. சட்டியில் மிச்சம் எழுபது.

பங்காரம்மாள் முள்ளையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “நீங்க சாப்பிட்டாச்சுங்களா?” என்று கேட்டார்.

“ஆச்சுங்க, ஆச்சுங்க. நீங்க சாப்பிடுங்க.”

அந்த ‘ஆச்சுங்க’ எவ்வளவு அழகாக, எவ்வளவு சந்தேகமே இல்லாமல் வந்தது! முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் சாப்பாட்டுக் கணக்கு எழுதியவர் பங்காரம்மாள். எத்தனை ஆச்சுங்களை அவர் நம்பி எழுதியிருப்பாரோ. முகம் மாறிவிட்டது.

“நீங்க எனக்கு எதிர்ல உக்காந்தாத்தான் நான் கை வைப்பேன்,” என்றார்.

“ஐயோ, நான் அப்பறம்…”

“அப்போ நானும் அப்பறம்.” கையைக் கட்டிக்கொண்டார்.

சென்னியம்மாள் தவித்துப் போனாள். ஒரம்பரை சோற்றுக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருக்கிற கொடுமையை அவளால் எத்தனை நேரம் தாங்க முடியும்? சேலையை ஒதுக்கிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடுகிறவள் மாதிரி, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பங்காரம்மாள் தன் வட்டலிலிருந்து பாதியை இன்னொரு வட்டலில் தள்ளினார். ரங்கநாயகி சட்டியில் இருந்த எழுபதையும் வழித்து அதோடு சேர்த்து எடை போட்டாள். இருநூற்று எண்பத்தைந்து.

முதல் உருண்டையைச் சென்னியம்மாள் குனிந்தபடியே விழுங்கினாள். மூன்றாவதில் நிமிர்ந்தாள். பிறகு தன் வீட்டுச் சோற்றுக்கு இத்தனை ருசியா என்பதுபோல வேகவேகமாகச் சாப்பிட்டாள். வட்டலை வழித்து முடித்துவிட்டு ரங்கநாயகியைப் பார்த்தாள்.

“அம்மணி, முன்ன நான் சொன்னதெல்லாம் அடிச்சுப்போடுங்க. இத எழுதிக்குங்க. இருநூத்தி எம்பத்தஞ்சு. இத நாந்தான் சாப்பிட்டேன்.”

ரங்கநாயகிக்குக் கண் மறைத்தது. கோப்பில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, மேலே சென்னியம்மாளின் பெயரை எழுதினாள். பங்காரம்மாள் இடது கையால் மோர்ச் சட்டியைச் சாய்த்து, சென்னியம்மாளின் வட்டலில் நிறைய ஊற்றினார்.

“மோர் ஒரு டம்ளர்னு எழுது,” என்றார். “எழுதிட்டு அடுத்த வீட்டுக்குத் தராசைத் தூக்கு. இன்னும் முப்பத்தொம்போது இருக்கு.”