பூநாரை பார்த்துவிட்டு வந்தவள்

நாமக்கல்லிலிருந்து கென்யாவுக்கு வந்து பத்து நாளாகியும் கோழி முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பண்ணைப் பெண்களுக்குத் தடுப்பூசி போடக் கற்றுக்கொடுக்கும் வேலை. விடிந்தால் பண்ணை, பொழுதடைந்தால் அறை. நகுரு நகரத்தை வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

போனில் வீட்டுக்காரர் குருமூர்த்தி சிரித்தார். "ஏம்புள்ள, கோழி பாக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போன? அது நம்மூட்டுக்குப் பொறத்தாலயே கெடக்குதே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம ஊர் சுத்தப் போறனுங்க, பாருங்க" என்றேன்.

நகரத்தை ஒட்டிய ஏரிக்குப் போனேன். கரை முழுக்கப் பூநாரைகள். சேற்றில் இறங்கி நின்று நாற்பது படம் எடுத்தேன். வந்த நாளிலிருந்து அன்றுதான் மனசு லேசாக இருந்தது.

திங்கள்தான் பயிற்சியின் கடைசி நாள். எட்டாயிரம் இளங்கோழிகளுக்கு அம்மை ஊசி. முதல்முறையாக அந்தப் பெண்களே இறக்கையில் குத்தப் போகிறார்கள். பக்கத்தில் நான் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பண்ணை வாசலில் என் மாணவி வன்ஜிரு, எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டாள். "கடந்த மூன்று நாளில் வேறு கோழி, வாத்து, காட்டுப் பறவை பக்கம் ஏதாவது போனீர்களா?"

அப்போதுதான் உறைத்தது. ஊரில் எங்கள் நோய்ப் பயமெல்லாம் பக்கத்துப் பண்ணையும் கறிக்கடையும்தான். ஏரிப் பறவையின் எச்சத்தையும் செருப்பில் அப்பிக்கொண்டு வரலாம் என்று, இருபது வருஷமாகக் கோழியோடு கிடக்கிற எனக்குத் தோன்றவே இல்லை. பொய் வாய்வரைக்கும் வந்தது. வெட்கக்கேடு.

"ஏரிக்குப் போனேன்" என்றேன்.

"உள்ளே விட முடியாது, மேடம்." அவள் கண் கலங்கியிருந்தது.

"அவர்களை இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்" என்றேன். தலையாட்டினாள். கேட்டைப் பூட்டிவிட்டு, கொட்டகைக்குள் போகிற எல்லோரும் செய்வதுபோல் குளித்து உடை மாற்றப் போனாள். போன்களை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை.

அவள் குளித்து முடிப்பதற்குள் கொட்டகையில் வேலை தொடங்கிவிட்டது. வெளியே நின்ற என் காதில் ஓர் அலறல் விழுந்தது. ஒற்றை இறக்கையில் தூக்கினால் கோழி அப்படித்தான் அலறும். அடுத்தது இறக்கை ஒடியும்.

"ரெண்டு றெக்கையும் சேத்துப் புடிங்க சாமி!" என்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. எட்டாயிரம் கோழிகளின் இரைச்சலில் ஒருத்தியும் திரும்பவில்லை.

அடுத்த கோழி அலறியது.