லிபூவ்காவின் மரம்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கிறகரி ஒரு வாளித் தண்ணீரோடு காரைத் துடைக்கத் தொடங்கினார். ஆடி மாதமானால், புலம்பெயர்ந்து வந்து அவர்கள் குடியிருக்கும் அஹுன்ட்சிக் வீட்டின் வாசல் மரம் பிசுபிசுவென்று எதையோ காரெல்லாம் சொரியும். அதை வெட்டச் சொல்லி நகரசபைக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளையின்ர தகப்பன் வாற நேரத்தில வாளியோட நிக்கிறியளே," என்றாள் மனைவி அல்போன்சம்மா.

"மாப்பிள்ளை எண்டு நான் இன்னும் சொல்லேல்லை."

மகள் றொசானா விரும்பிய மாரெக் தங்கமான பெடியன்தான். அவர்களைப் போலவே கத்தோலிக்க வேதக்காரனும்கூட. ஆனால் சம்பந்தமென்றால் ஊர் விசாரிக்க வேண்டாமா? எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளை என்று நாலு பேரிடம் கேட்டுத்தான் அவர் எந்தக் கலியாணத்துக்கும் தலையாட்டியிருக்கிறார். போலந்துக்காரனைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

மாரெக்கின் தகப்பன் ததேயுஷ் வந்தார். உள்ளே வராமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரத்தடியில் சற்று நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார். றொசானா நடுவில் இருந்து பிரெஞ்சையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

"எந்த ஊரெண்டு கேள் பிள்ளை."

"போலந்துதானே அப்பா."

"அது நாடு. ஊரைக் கேள்."

கூச்சத்தோடு கேட்டாள். கிழவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்.

"முப்பது வருசமா இஞ்ச ஒருத்தரும் தன்னட்டை இதைக் கேக்கேல்லையாம்."

லிபூவ்கா. பக்கத்துப் பட்டணத்தாருக்கே தெரியாத சின்னக் கிராமம். கோயில் வீதியின் இரு பக்கமும் லிபா மரங்கள் நின்றதால் வந்த பெயர். ஆடியில் பூத்தால் ஊரே தேனாய் மணக்குமாம். தாய் அந்தப் பூவைக் காயவைத்துத் தேத்தண்ணி போடுவாளாம். அவருக்கு எட்டு வயதில், யுத்தத்தில் வந்த படை எல்லாவற்றையும் விறகுக்கு வெட்டியது. பெயர் மட்டும் மிஞ்சியது.

"எங்கட வாசல்ல நிக்கிறதும் அதுதானாம் அப்பா."

கிறகரி யன்னலால் பார்த்தார். இத்தனை வருடம் திட்டிய மரத்தின் பெயரை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"உங்கட ஊர் எதெண்டு கேக்கிறார்."

"மயிலிட்டி." கிறகரி யன்னலிலிருந்து திரும்பினார். "ஆமி நிக்குது, சனம் போகேலாது எண்டு சொல்லு. எங்களுக்கும் பேர்தான் மிச்சமெண்டு சொல்லு."

றொசானா சொல்லி முடிக்கும்வரை கிழவர் கிறகரியையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது, கொஞ்சம் பூப் பறிக்கலாமா என்று கேட்டார்.

கிறகரி ஏணியை எடுத்து வந்தார்.

"என்னப்பா, என்ன முடிவு?" அல்போன்சம்மா காதோடு கேட்டாள்.

"முதல்ல அந்தப் பெரிய சட்டியைக் கொண்டு வாரும்."

அவர் ஏறினார். கீழே ததேயுஷ் இரண்டு கைகளாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். துடைத்த காரின் மேல் மஞ்சள் பூக்கள் விழுந்து ஒட்டிக்கொண்டன.