மூன்று எள்ளுருண்டைகள்

2024ஆம் ஆண்டு மே மாதம் நான்காம் நாள், சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, மோகனூர் மகளிர் மன்றக் கூடத்தில் சிறுவர்களுக்கான முதல் சமையல் வகுப்பைத் தொடங்கினேன். வந்தவர்கள் பதினொருவர், ஆறு முதல் ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அடுப்பு கிடையாது. வறுத்த கறுப்பு எள்ளையும் வெல்லத்தையும் வீட்டிலேயே இடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஆளுக்கு ஐந்து உருண்டை. கை கழுவுதல், உருட்டுதல், எண்ணிக் காட்டுதல், அதன்பிறகே உண்ணுதல். இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதி, இருமுறை படித்தும் காட்டினேன்.

சிவபிரகாஷின் உருண்டைகள் புளியங்கொட்டை அளவில் இருந்தன.

"இது எறும்புக்கா, சாமி?"

"இல்லீங் டீச்சர், எந்தங்கச்சிக்கு. அவளுக்கு இன்னும் பல்லே மொளைக்கலீங்க."

கூடமே சிரித்தது. சத்யபிரியா மட்டும் சிரிக்கவில்லை. ஏழு வயதுப் பெண். உள்ளங்கையில் நீர் தொட்டு, அழுத்தி, ஒரே அளவாக உருட்டிக்கொண்டிருந்தாள். பாராட்டலாம் என்று அருகே போனபோது அவள் தட்டில் இரண்டுதான் இருந்தன.

"மீதி மூன்று எங்கே? எண்ணிக் காட்டுவதற்கு முன்பே தின்றுவிட்டாயா?"

"திங்கலீங்க."

"பொய் சொல்லாதே!" என் குரல் கூடத்தின் மறுகோடிவரை போயிற்று.

அவள் சன்னலைக் காட்டினாள். கை கழுவப் போனபோது பறித்த பூவரச இலை ஒன்று வெளி விளிம்பில் கிடந்தது. அதன்மேல் மூன்று உருண்டைகள், நீர் தெளித்து வைக்கப்பட்டிருந்தன.

"எங்கம்மாவுக்குங்க. கருமாதியன்னிக்கு ஆத்துல அய்யரு இப்பிடித்தானுங்க வெக்கச் சொன்னாரு. காக்கா எடுத்தப்பறந்தான் நாம திங்கோணும்."

அவளுடைய தாய் பிப்ரவரியில் இறந்ததும், வேறு பிள்ளை இல்லாததால் காவிரிக் கரையில் சோற்றையும் எள்ளையும் பிசைந்து அவளே உருட்டி வைத்ததும் எனக்குத் தெரியும். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். தெரிந்திருந்தும், சத்தானது, அடுப்பு வேண்டாதது என்ற இரண்டை மட்டுமே எண்ணி எள்ளைத் தேர்ந்தெடுத்தேன்.

யாரும் உண்ணவில்லை. சிவபிரகாஷ் சன்னலருகே போய், "கா, கா" என்று கூப்பிட்டான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதில் கேலி இல்லை. எதிரே மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காகம் இறங்கவில்லை.

"நீங்க சத்தம் போட்டீங்கல்லங்க, அதான் அம்மா பயந்துக்கிட்டு வரமாட்டேங்குது" என்றாள் சத்யபிரியா. கோபமில்லாமல், எனக்கு விளக்குவதுபோலச் சொன்னாள்.

"தப்பு என்னுடையது, சாமி" என்றேன். சன்னலைப் பார்த்தும் ஒருமுறை சொன்னேன்.

பதினொன்றரைக்கு மற்றவர்கள் உருண்டைகளைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் தந்தை ஜெகதீஸ்வரன் வந்தார். சன்னலில் இருந்த இலையைப் பார்த்தார்.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்."

"காக்கா இன்னும் எடுக்கலப்பா."

அவர் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டேகால் வரை மூவரும் காத்திருந்தோம். காகம் வரவில்லை. தட்டிலிருந்த இரண்டையும் அவள் தொடாமலே போனாள்.

எள்ளுருண்டையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவலை நனைத்துத் தேங்காயும் வெல்லமும் சேர்ப்பதென்று முடிவாயிற்று. மகளை அனுப்புவதாக ஜெகதீஸ்வரன் உறுதி கூறவில்லை; "அவளா கேட்டா கூட்டியாரேனுங்க" என்றார். அவள் இடம் வேறு எந்தக் குழந்தைக்கும் தரப்படாது. கூடத்தைப் பூட்டியபோது அந்த இலையை எடுக்கவில்லை.