பிச்சம்மாளின் பின்னால் வந்த வீடு

1998 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, நகரசபை கட்டிக்கொடுத்த ஓட்டு வீடு ஒன்று அஸ்திவாரத்தோடு எழுந்து, பழவங்காடிச் சந்தைக்குத் தேங்காய் விற்கப் போன பிச்சம்மாளின் பின்னால் நடந்து போயிற்று. அன்று சந்தையில் தேங்காய் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. வீடு அவசரப்படவில்லை. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. ஸ்ரீவராகத்து அக்ரகாரத் தெருவில் இரண்டு பக்கமும் உரசிவிடாமல், ஈரத்தரையில் நடக்கும் பெண் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல, தாழ்வாரத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டது. கிழக்கேகோட்டை வாசலில்தான் சிரமம். அங்கே மூச்சை உள்ளே இழுத்து, சுவர்களை ஒடுக்கி, ஒருக்களித்து நுழைந்து மறுபக்கம் போய் மூச்சு விட்டது. அந்தக் காற்றில் பூக்கடைக்காரிகளின் பிச்சிப்பூ சாலைக் கடைத்தெரு வரைக்கும் பறந்ததாகச் சொல்வார்கள். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, தேங்காய்க் குவியலின் பின்னால், சாயங்காலம் வரைக்கும் குந்தியிருந்தது. அவள் கூடையைத் தலையில் வைத்ததும் எழுந்து கூடவே திரும்பியது.

வீடு உண்மையில் பிச்சம்மாளுடையது அல்ல, ரத்னாபாயுடையது. ரத்னாபாய்க்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், பிச்சம்மாளுக்கு நாங்குநேரி; அப்போது இருவருக்கும் கட்டட வேலை. இருவரும் முதல்முதலாகப் பார்த்துக்கொண்டது பட்டம் என்கிற பகுதியில் ஒரு மாடிக்குத் தளம் வார்த்த அன்று, காங்கிரீட் சட்டி கைமாறியபோது. தளம் இறுகுவதற்குள் முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வாடகை அறைகளில் புருஷன் பெண்டாட்டி எப்படி வாழ்வார்களோ அப்படியே வாழ்ந்தார்கள், சண்டை மட்டும் கொஞ்சம் கூடுதல். வார்டு சபையில் ரத்னாபாய்க்கு வீடு ஒதுக்கியபோது அவள் எழுந்து, "நான் ஒத்தைக்கில்ல சாரே. எனக்குப் பிச்சி உண்டு" என்று சொல்லத்தான் செய்தாள். கவுன்சிலர் ஹரிகுமார் நல்ல மனிதர், ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம். "அதெல்லாம் பின்னே பாக்காம் சேச்சி. தனிப்பெண்ணுன்னு சொன்னாத்தான் வீடு கிட்டும், மனசிலாயோ?" என்றார். ஆகவே வீட்டு வாசலில் 'ரத்னாபாய், ஆதரவற்ற தனிப்பெண்' என்று நீலப் பெயிண்டில் எழுதினார்கள். வீட்டுக்கு அது ஒப்பவில்லை போலிருக்கிறது. கலவையில் கடல் மணல் சேர்ந்துவிட்டது என்று மேஸ்திரிகள் சொன்னார்கள். வாஸ்து என்றவர்களும் உண்டு. வீடு எதுவும் சொல்லவில்லை, பிச்சம்மாள் கிளம்பினால் கிளம்பியது.

ஊர் பழகிப்போயிற்று. தபால்காரர் கடிதத்தைப் பகலில் பழவங்காடியிலேயே கொடுத்துவிடுவார். கார்த்திகை மாதம் சபரிமலை சாமிமார் அந்தத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கினார்கள். அக்ரகாரத்து சிவகாமியம்மாள் மட்டும் சமாதானமாகவில்லை. தினமும் காலையில் அவள் போட்ட கோலத்தின் நடுவே வீட்டின் ஒரு மூலை பதிந்துவிட்டுப் போகும். அவள் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தோடு வெளியே வந்து வீட்டைத் திட்டுவாள். அதைக் கேட்கும்போது வீடு கொஞ்சம் குனிந்துகொள்ளும் என்று அந்தத் தெருவில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள்.

2000 கடைசியில் நகரசபை ஒரு சமத்துவத் தீர்மானம் நிறைவேற்றியது. யாரை நேசித்து யாரோடு வாழ்கிறார் என்பதை வைத்து ஒருவருக்கும் எந்தச் சேவையும் மறுக்கப்படாது என்றது தீர்மானம். கொசு மருந்துக்கும் குப்பை லாரிக்கும் நடுவில் வந்ததால் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தட்டிய கைகளில் ஒன்றுகூட அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு ஓவர்சியர் சத்தியநேசன், அளவு நாடாவைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டே திரிகிறவர், பழவங்காடிக்கு வந்து, குந்தியிருந்த வீட்டைச் சுற்றி அளந்துவிட்டுச் சொன்னார்: "தனிப்பெண் வீட்டில வேற ஆள் தங்க வழியில்ல. ஒண்ணு நீங்க போகணும், இல்லேன்னா வீடு ரத்து."

"தீர்மானம் போட்டதா ரேடியோவில சொன்னாவளே சாரே?" என்றாள் பிச்சம்மாள்.

"தீர்மானம் உண்டு. அதை எப்படி நடத்தணும்னு உத்தரவு இல்ல."

பிச்சம்மாள் அன்று முழுக்க ஒரு தேங்காயையே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். ரத்னாபாய் தன் தலையில் சுமந்த மணலும் ஜல்லியும் அந்தச் சுவர்களில் இருந்தன. இடுப்பு ஒடிந்து சம்பாதித்த கூரை. தான் ஒருத்தி இருப்பதால் அது போவதா? மறுநாள் காலை, ரத்னாபாய் தலை குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு மாற்றுச் சேலையோடு தம்பானூர் பஸ் நிலையம் போய், மலைப்பக்கத்து வித்துராவுக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கே எஸ்டேட் பக்கம் அவளுக்கு ஒரு மதினி இருந்தாள்.

நெடுமங்காடு தாண்டியதும் கண்டக்டர் பின்னால் பார்த்துவிட்டு, "சேச்சி, வீட்டுக்கும் டிக்கெட் எடுக்கணோ?" என்று கேட்டார். திரும்பினால் வளைவுக்கு வளைவு ஓடுகள் குலுங்க வீடு ஓடி வந்துகொண்டிருந்தது. வாசலில் ஈரத் தலையோடு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ரத்னாபாய். "ஏட்டி பிச்சி! போறதுன்னா சொல்லிட்டுப் போகப்பிடாதா? அடுப்பில மரச்சீனிக் கெழங்கு வேவுது!"

"ஒனக்கு வீடு தங்கட்டும்னுதானே ரத்னம் போறேன்!" என்று பஸ் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள் பிச்சம்மாள்.

"நீ இல்லாம இந்தச் செங்கல வச்சிட்டு நான் என்னத்தச் செய்ய? மூதி! எறங்குட்டி கீழ!"

வித்துரா சந்தையில், யோசுவாவின் கருவாட்டுக் கடைக்கும் வாழைக்குலை மண்டிக்கும் இடையில் வீடு உட்கார்ந்துகொண்டது. மரச்சீனி அடிப்பிடிக்கவில்லை. பொன்முடியிலிருந்து இறங்கும் மூடுபனி தினமும் ஜன்னல் வழியாக வந்து அடுப்பங்கரையில் குளிர்காய்ந்துவிட்டுப் போயிற்று. நகரத்தில் பழைய மனையில் தண்ணீர்க் குழாய் மட்டும் நின்றது. அதன் வாயில் பட்டாம்பூச்சிகள் குடியேறின. கணக்குத் தணிக்கைக்கு வந்தவர்கள் வீடு எங்கே என்று கேட்டார்கள். மலைமேல் என்று சொன்னால் எழுதிக்கொள்ள மறுத்தார்கள். வீட்டைத் திருப்பிக் கொண்டுவரச் சத்தியநேசனை அனுப்பினார்கள்.

அவர் தள்ளிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், லாரி கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். லாரிதான் பின்னால் போயிற்று. பிச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து சொன்னாள்: "நான் வந்தா அது வரும் சாரே. வாசல்ல எம்பேரு இருந்தா நான் வருவேன். பொறத்த இருந்து ஒட்டிக்கிட்டுக் கெடக்க இனி எனக்கு வயசில்ல." சத்தியநேசன் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஏற்கனவே அளந்த சுவர்களையே மறுபடி மறுபடி அளந்தார். களைத்தால் யோசுவாவின் கடையில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்தார். யோசுவா கருவாட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல அதில் அவருக்கு என்னென்னவோ சந்தேகங்கள் வந்தன. கடைசி பஸ்ஸைத் தவறவிட ஆரம்பித்தார்.

2002 தையில் வார்டு சபை கூடியது. பிச்சம்மாளும் ரத்னாபாயும் கடைசி வரிசையில், வெளியே போக வசதியாக, கதவோரம் உட்கார்ந்தார்கள். சத்தியநேசன் எழுந்து, சபைக்கே தெரிந்த ஒரு சட்டத்தைச் சொன்னார்: ரேஷனுக்கு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் குடும்பம். இவர்கள் இருவருக்கும் அடுப்பு ஒன்றுதான்; தீர்மானத்தை அந்த அடுப்பிலேயே வைத்து நடத்திவிடலாம். முன்வரிசையில் ஒருவர், "இதுக்கு எங்கேயாவது முன்மாதிரி உண்டா?" என்று கேட்டார். "வீடு மலை ஏறினதுக்கு எங்க முன்மாதிரி உண்டு?" என்றார் சத்தியநேசன். அப்படிப் பேசக்கூடியவர் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

அப்போது சிவகாமியம்மாள் எழுந்தாள். தொலைந்தோம் என்று ரத்னாபாய் பிச்சம்மாளின் கையைப் பிடித்தாள்.

"மூணு மாசமா என் கோலம் அழியாமக் கெடக்கு. யாரைத் திட்டறதுன்னு தெரியாம நேக்குத் தூக்கமே வரமாட்டேங்கறது. ஆத்துல உள்ளவா யாருன்னு ஆத்துக்கே தெரியறது, ஒங்களுக்குத் தெரியலையா? பேரை எழுதுங்கோ, போய்ச் சேருவோம்" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். அவளிடம் திட்டு வாங்க யாருக்கும் தெம்பில்லை. கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மேசைகளைத் தட்டிய அதே கைகள் என்று ஹரிகுமார் பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பெயர் எழுதச் சத்தியநேசனே பெயிண்ட் டப்பாவோடு வித்துராவுக்குப் போனார். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார். ரத்னாபாய் பிச்சம்மாளைக் காட்டினாள், பிச்சம்மாள் ரத்னாபாயைக் காட்டினாள். இது ஒரு நல்ல சண்டையாக வளர்வதற்குள், 'தனிப்பெண்' என்பதைச் சுரண்டிவிட்டு, இரண்டு பெயரையும் ஒரே வரியில் ஒரே உயரத்தில் எழுதிவிட்டார். பெயிண்ட் காய்வதற்குள் வீடு எழுந்துவிட்டது. வீடு இறங்கி வருகிறது என்று கேள்விப்பட்டு நெடுமங்காட்டில் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டார்கள். ஸ்ரீவராகத்துத் தெருவில் சிவகாமியம்மாள் வேண்டுமென்றே பெரிய கோலமாகப் போட்டு வைத்திருந்தாள்; வீடு அதன் நடுவிலேயே ஒரு மூலையைப் பதித்துவிட்டுப் போய்த் தன் மனையில் அமர்ந்தது. மறுநாள் பிச்சம்மாள் கூடையோடு கிளம்பினாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தெருமுனை வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, வாசலில் ரத்னாபாய் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பங்குனியில் சத்தியநேசன் தேங்காய்க் கடைக்கு வந்து, ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"அக்கா, வீடு கெளம்பறதுக்கு முன்னால ஏதாவது தெரியுமா?"

"மொதல்ல சன்னல் கொக்கி ஆடும். பெறவு குடத்துல தண்ணி தளும்பும். எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான். எனக்க குவார்ட்டர்ஸில ரெண்டு நாளாட்டு கொக்கி ஆடுது."

"எந்தப் பக்கமா?"

சத்தியநேசன் வடகிழக்கே, யோசுவாவின் கடை இருந்த மலைப் பக்கம் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பிச்சம்மாள் சிரிக்கவில்லை. நன்றாக முற்றிய காயாக ஒன்றைப் பொறுக்கி அவர் கையில் வைத்தாள்.

"குடத்த நெறைய நெறைய வைக்காதிய சாரே. ஏத்தத்துல சிந்தும்."

அந்த வாரக் கடைசியில், வித்துரா போகும் காலை பஸ் நெடுமங்காட்டுக்கு அப்பால் ஓரம் கட்டி நின்றது. மஞ்சள் சுண்ணாம்பு பூசிய ஓவர்சியர் குவார்ட்டர்ஸ் ஒன்று, கொடியில் காயும் சட்டைகளோடு, பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் முழங்கையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, அது முன்னால் போகட்டும் என்று கையைக் காட்டினார்.